தண்டபாணியிடம் சொல்லு

சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு முதுகு சோறு போட்டது. லியோனார்டுக்குத் தொண்டை போட்டது. இளவட்டமாக இருந்தபோது ராயபுரம் மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவரை, "இந்தக் குரல வச்சிகினு இன்னாத்துக்குடா மூட்டை சொமக்கிறே?" என்று ஒரு மேஸ்திரி கிடங்கிலிருந்து கப்பலின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். அன்று ஏறியவர் ஐம்பது வயதுவரை இறங்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அது அவர் விஷயத்தில் அப்படியே பலித்தது. அந்தப் பிழைப்பில் என்ன சுகத்தைக் கண்டார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேலை இதுதான். கப்பலின் கிடங்கு ஒரு பெரிய கிணறு மாதிரி. சரக்கை ஏற்றி இறக்குகிற விஞ்சு என்ற நீராவி யந்திரத்தை ஓட்டுகிறவர் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்க முடியாது. யந்திரத்தின் கைப்பிடியை விட்டு நகர முடியாமல் கட்டிப்போட்ட மாதிரி நிற்பார். கிணற்றின் விளிம்பில் நிற்கிற சிக்னல்மேன்தான் அவருக்குக் கண். 'ஹபீஸ்' என்றால் தூக்கு. 'ஆரியா' என்றால் இறக்கு. 'ஸ்டாப்' என்றால் நிறுத்து. எந்த தேசத்துக் கப்பல் வந்தாலும் இந்த மூன்றுதான். பழைய கப்பல்களில் விஞ்சு கக்குகிற நீராவிக்கு நடுவே கையைக் காட்டினால் தெரியாது. குரல்தான் எல்லாம்.

அந்த மூன்று வார்த்தைகளை நாளெல்லாம் கத்திவிட்டு வீடு திரும்புகிற லியோனார்டு, வீட்டில் ஊமை. மனைவி பிலோமி மிளகு தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு சேர்த்துப் பால் காய்ச்சி வைத்திருப்பாள். "கப்பல்ல கீற இரும்புக்கெல்லாம் பேசுவே, எங்கிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வலிக்கும்" என்று அலுத்துக்கொள்வாள். அவர் தலையை ஆட்டுவார். அவர்களுடைய குடித்தனம் முக்கால்வாசி தலையாட்டலிலேயே நடந்தது. அதில் அன்புக்கு ஒரு குறையும் இல்லை.

லியோனார்டு வாய்விட்டுப் பேசியது உலகத்தில் ஒரே ஆளிடம்தான். விஞ்சு ஓட்டுகிற கோதண்டத்திடம். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர், அப்பன் பாட்டன் எல்லாம் கடலுக்குப் போனவர்கள், இவருக்கு மட்டும் கட்டுமரம் ஏறினால் தலை சுற்றும் என்று துறைமுகத்துக்கு வந்தவர். அதைச் சொல்லிச் சொல்லியே லியோனார்டு அவரைக் கேலி செய்வார். மூன்று வார்த்தைதான் சட்டம் என்றாலும், சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் பிழைப்பு நடத்த முடியும்? இவர்கள் இருவரும் அந்த மூன்று வார்த்தைகளுக்கு நடுவில் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள்.

"ஆரியா... ஆரியா... மாமு, கட்டு ஒரு பக்கமா சாஞ்சிகினு வருது, மெள்ள வுடு."

"எனுக்கும் கயிறு சொல்லுதுபா. இன்னிக்கு ஸ்டீம் வேற சரியில்லே, பாத்துக்க."

"ஸ்டாப்! உன் மருமவன் கீழே வெத்தலை மடிச்சிகினு கீறான். மாப்ள மொறுக்கு, அவரு வாயில போட்டு முடிக்கட்டும்."

மருமகன் என்றது தேசப்பனை. கோதண்டத்தின் மூத்த பெண்ணைக் கட்டியவன், அதே கூட்டத்தில் கிடங்குக்குள் வேலை செய்கிறவன். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சு. பாதி வேலை அந்த வெட்டிப் பேச்சில்தான் நடந்தது என்று, அது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

அது நின்ற கதையைச் சொல்கிறேன். அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் பிலோமி காய்ச்சலில் படுத்தாள். அடுத்த ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்போது போய்விட்டாள். வீடு கொள்ளாத கூட்டம். லியோனார்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி அன்றைக்குக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கோதண்டத்துக்குச் சொல்லியாச்சா?" கூட்டத்திலிருந்து யாரோ, "சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்றார்கள். பெட்டியைத் தூக்கும்போது அவர் தெருமுனையைப் பார்த்தார். காசிமேட்டுக் கல்லறையில் மண் போடும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோதண்டம் வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கும் வரவில்லை.

கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடலாம், சோறு மிச்சம் என்று சிரித்துக்கூட விடலாம். சாவுக்கு வராதவனை என்ன செய்வது? லியோனார்டு வேலைக்குத் திரும்பிய அன்று கோதண்டம் விஞ்சின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். லியோனார்டாவது ஏதாவது கேட்பார் என்று கோதண்டம் நிற்க, கோதண்டமாவது வந்து துக்கம் விசாரிப்பார் என்று லியோனார்டு நிற்க, கீழே கிடங்கில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். லியோனார்டு "ஹபீஸ்" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான், பேச்சு அறுந்தது.

நம் பக்கத்து ஆட்கள் பேச்சை நிறுத்தினால் அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்களே! அண்ணன் தம்பி பேசாவிட்டால் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். இவர்களும் அப்படி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். 'ஹபீஸ், ஆரியா, ஸ்டாப்' மூன்றும் வேலை. அது பேச்சில் சேராது. அதற்கு மேல் ஒரு சொல் சொல்வதானாலும், இருவருக்கும் நடுவில் கயிறு பிடித்து நிற்கிற தண்டபாணி வழியாகத்தான்.

"தண்டபாணி, கட்டு சாயிது, மெள்ள வுடணும்னு சொல்லு."

கோதண்டத்துக்கு அது நன்றாகக் காதில் விழும். இருந்தும் கல் மாதிரி நிற்பார். தண்டபாணி திரும்பி, "விஞ்சு, மெள்ள வுடணுமாம்" என்று சொன்ன பிறகுதான் கை அசையும். இந்தப் பக்கமும் அதே கதைதான். கோதண்டம் "தண்டபாணி, ஸ்டீம் கொறையிதுன்னு சொல்லு" என்பார். லியோனார்டு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், தண்டபாணி சொல்கிறவரை. நாளடைவில் காதே அப்படிப் பழகிப்போயிற்று. தண்டபாணி வாயால் வந்தால்தான் அது சேதி, அதற்கு முன் வருவது வெறும் சத்தம்.

"நான் இன்னா இவங்களுக்கு போஸ்ட் ஆபீசா?" என்று தண்டபாணி புலம்புவான். மேஸ்திரி சௌக்கத் அலி ஒருநாள் இருவரையும் சேர்த்து நிறுத்திச் சத்தம் போட்டார். "மாமியா மருமவ சண்டை போடற வயசா இது? ஒத்துக்கலேன்னா சொல்லுங்க, ஆளுக்கொரு கேங்குல போட்றேன்."

இருவரும் அவரவர் இடத்துக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டார்கள். பிரித்துவிடச் சொல்லி முதலில் கேட்கிறவன் தோற்றவன் ஆகிவிடுவானே! போதாக்குறைக்கு லியோனார்டுக்கு அந்தக் குரலைக் கேட்காமல் ஒருநாள் போனாலும் சோறு இறங்காது. தண்டபாணிக்குச் சொல்கிற சாக்கில் வந்தாலும் அது கோதண்டத்தின் குரல்தான். பிலோமி இல்லாத வீட்டுக்குப் போய் விளக்கைக்கூட ஏற்றாமல் படுத்துக்கிடப்பார். உடம்பு அசதி ஒரு பக்கம், இந்த வீறாப்பைத் தினமும் சுமந்துகொண்டு போய்வருகிற அசதி இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அவருக்கே தெரியவில்லை.

பொங்கல் கழிந்து மாசி பிறந்த சமயம், ஒரு கிழட்டுக் கப்பலில் இரும்புக் குழாய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விஞ்சு காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. குழாய்க் கட்டை அப்படியே தரையில் வைக்கக் கூடாது. முழங்கால் உயரத்தில் நிறுத்தி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, அதன் மேல்தான் இறக்க வேண்டும். கட்டையை அடுக்குகிறவன் கையை உள்ளே விட்டுத்தான் அடுக்க முடியும். பிற்பகலில் அப்படி ஒரு கட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆரியா... ஆரியா... ஸ்டாப்!"

கட்டு நின்றது. தேசப்பன் குந்தி உட்கார்ந்து கட்டையைத் தள்ள ஆரம்பித்தான். கட்டு ஆடாமல் அசையாமல்தான் தொங்கியது. மேலிருந்து பார்த்த லியோனார்டுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கோதண்டத்தின் கைக்குத்தான் தெரிந்தது. பிரேக் பிடிக்கவில்லை, கைப்பிடி உதறுகிறது. யோசித்துப் பாருங்கள், சிக்னல்மேன் விஞ்சுக்காரருக்குச் சொல்ல மூன்று வார்த்தை இருக்கிறது. விஞ்சுக்காரர் சிக்னல்மேனுக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூட யாரும் வைக்கவில்லை. அவர் வாய்விட்டுத்தான் சொல்லியாக வேண்டும்.

"தண்டபாணி! பிரேக்கு நிக்கலே! கீழே கைய எடுக்கச் சொல்லு!"

தண்டபாணி அங்கே இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். கைப்பிடியை விட்டுக் கண்ணை எடுக்காத கோதண்டம் அதைக் கவனிக்கவில்லை.

லியோனார்டுக்கு அது கேட்டது. நீராவிச் சத்தத்தையும் மீறி, எழுத்துக்கு எழுத்து கேட்டது. கேட்டதும் அவர் கிடங்கைப் பார்த்து 'கையை எடு' என்று கத்தியிருக்க வேண்டும். அவரோ தண்டபாணி நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். வீம்பினால் அல்ல, அந்த நொடியில் வீம்பு எங்கே நினைவிருந்தது? மாதக்கணக்காகப் பழகிய கழுத்து தானாகத் திரும்பியது. அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். திரும்பி வாயைத் திறப்பதற்குள் கட்டு இறங்கிவிட்டது. கீழேயிருந்து வந்த அலறலை அவர் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

தேசப்பனுடைய வலது கையில் கட்டைவிரல் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்த கோதண்டத்தின் மனைவி செல்லம்மா, லியோனார்டைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வா அண்ணே. இதுக்காச்சும் வந்தியே."

"நான் வராம யாரு தங்கச்சி வருவா?"

"அண்ணி செத்ததுக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப தோணலியே உனுக்கு? நாங்க மாப்ளையும் சேத்து குடும்பமா கூழு ஊத்தறதுக்கு பொன்னேரில நாத்தனாரு வூட்டுக்கு போயிருந்தோம். வந்து பாத்தா மூணாம் நாளு. ஊரு பூரா தெரியிது, எங்களுக்கு மட்டும் தெரியலே. உன் தோஸ்து தெருமொனை வரிக்கும் வந்துட்டு, 'நம்பள ஒரு மனுசனா மதிச்சி சொல்லலியே, இன்னா மொகத்தோட உள்ள போறது'ன்னு திரும்பிட்டாரு."

லியோனார்டு குறுக்கிட்டார். "சொல்லியாச்சுன்னு சொன்னாங்களே!"

"யாரு சொன்னது?"

யார் சொன்னது? அவருக்கும் தெரியவில்லை. பல பேர் கூடி அடித்த பாம்பு சாகாது என்று சும்மாவா சொன்னார்கள்! கூட்டத்தில் ஒவ்வொருவனும், லியோனார்டு வீட்டுச் சாவு கோதண்டத்துக்குத் தெரியாமலா இருக்கும், அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறான். தூரத்து உறவுக்கெல்லாம் ஆள் போயிற்று. நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்குப் போகவில்லை.

கோதண்டம் உள்ளேயிருந்து வெளியே வந்தார். செல்லம்மா பொங்கிப் பொங்கிச் சொன்னதைக் கேட்டார். பிறகு லியோனார்டின் தோளில் தலையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பிலோமிக்காகவும் தேசப்பனுக்காகவும் சேர்த்தே அழுதிருக்க வேண்டும்.

"நான் கத்தினேன் மாமு. பிரேக்கு நிக்கலேன்னு உயிர வுட்டுக் கத்தினேன். அந்தப் பாழாப்போன ஸ்டீம் சத்தத்துல உனுக்குக் கேக்கலே. உன் மேல தப்பு இல்லே. என் குரலு காத்துல போச்சு."

லியோனார்டு அப்போதே சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது? நாள்கணக்கில் பட்டினி கிடந்தவன் கையில் ஒரு கவளம் சோறு வந்திருக்கிறது. அதில் கல் கிடக்கிறது என்று அவன் வாயாலேயே எப்படிச் சொல்லுவான்? அவர் பழைய வழக்கப்படி தலையை ஆட்டினார்.

அதற்கடுத்த சில நாட்கள் லியோனார்டுக்குப் போன உயிர் வந்தது. கோதண்டம் காசிமேட்டுக்கு வந்து பிலோமியின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார். காற்று அணைக்க அணைக்க மறுபடி மறுபடி ஏற்றினார். டீக்கடையில் உட்கார்ந்து இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கோதண்டம், "கொஞ்சம் ஒரக்கக் கத்தியிருந்தா உனுக்குக் கேட்டிருக்கும், இல்லே?" என்பார். லியோனார்டு டீயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டீ ஆறிப்போகும்.

பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சரக்கு ஏற்றுகிற கம்பெனியின் ஆபீஸ். கப்பல்காரர்கள் விஞ்சில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். தண்டபாணி, நான் அந்த இடத்திலேயே இல்லை என்று கையை விரித்தான். அப்படியானால் விஞ்சுக்காரன் கவனக்குறைவாக இருந்தான், எச்சரிக்கை கொடுக்கவில்லை, அவனை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சௌக்கத் அலி லியோனார்டை வாசலில் நிறுத்தினார். "பாருபா, அவன் கத்தினான்னு அவன் சொல்றான். கேட்ட காது ஒன்னுதான், அது உன்னுது. கேக்கலேன்னு நீ சொன்னா உனுக்கு ஒன்னும் ஆவாது, அவன் வூட்டுக்குப் போவணும். கேட்டுதுன்னு சொன்னா அவன் பொழைப்பான், உன் வேலைக்கு நான் பொறுப்பு இல்லே."

வேலை போவதைப் பற்றி லியோனார்டு கவலைப்படவில்லை. தொண்டை எப்போதோ தேய்ந்துவிட்டது. அறைக்குள் பெஞ்சில் கோதண்டமும் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளின் எதிரிலேயே சொல்ல வேண்டும். அதுதான் அவர் காலைப் பிடித்து இழுத்தது.

"விஞ்ச் டிரைவர் ஏதாவது எச்சரிக்கை கொடுத்தாரா?" என்று அதிகாரி கேட்டார். "உம்முடைய காதில் விழுந்ததா?"

மருமகன் கை போயாயிற்று. கோதண்டத்துக்கும் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? லியோனார்டு கோதண்டத்தின் பக்கம் பார்க்கவில்லை.

"கேட்டுது சார்."

"என்ன கேட்டது?"

"பிரேக்கு நிக்கலே, கீழே கைய எடுக்கச் சொல்லுன்னாரு. நல்லாவே கேட்டுது."

"கேட்டும் ஏன் சும்மா இருந்தீர்?"

"அது... தண்டபாணிகிட்ட சொன்னாரு சார். எங்கிட்ட சொல்லலே."

"தண்டபாணிதான் அங்கே இல்லையே!"

"எங்களுக்குள்ள அப்போ பேச்சுவார்த்தை இல்லே சார்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "காலையிலிருந்து நீர் அவரிடம் கத்திக்கொண்டுதானே இருந்தீர்?"

"அது வேலை சார். பேச்சு இல்லே."

அதிகாரிக்கு அது விளங்கவில்லை. விளங்காமலே எழுதிக்கொண்டார். கோதண்டத்தின் மேல் குற்றமில்லை என்றும், லியோனார்டு இனி சிக்னல் கொடுக்கக் கூடாது, கிடங்கு வேலைக்கு இறங்க வேண்டும் என்றும் அன்றே முடிவாயிற்று.

வெளியே வராந்தாவில் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, அதைத்தான் லியோனார்டால் தாங்க முடியவில்லை.

"கேட்டுதா உனுக்கு?"

"கேட்டுது."

"ராவெல்லாம் நான் தூங்கலே லியோனார்டு. இன்னும் கொஞ்சம் ஒரக்கக் கத்தியிருந்தா புள்ளைக்கு கையி நின்னிருக்கும்னு என்னை நானே அடிச்சிகினேன். டீக்கடையில எத்தினி தபா கேட்டேன் உன்னை?"

 கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். மாமு என்று கூப்பிடாமல் லியோனார்டு என்று பேர் சொல்லி அவர் பேசியது அதுதான் முதல் தடவை, அதுதான் கடைசி.

ஐம்பது வயதில் லியோனார்டு மறுபடி கிடங்கில் இறங்கினார். இளவட்டங்களுக்கு நடுவே முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டை அடுக்கினார். மேலே யாரோ புது சிக்னல்மேன், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதே கோதண்டம். இப்போதெல்லாம் கோதண்டம் யார் வழியாகவும் சொல்வதில்லை. நின்ற கட்டுக்கு மறுபடி 'ஆரியா' வந்ததும் தானே கத்துவார்: "கீழே கைய எடு!" யார் பேரும் சொல்லமாட்டார், பொதுவாகத்தான் கத்துவார்.

லியோனார்டு கையை எடுப்பார். எடுத்துவிட்டு, தேய்ந்துபோன தொண்டையில் மிச்சமிருந்ததைத் திரட்டி மேலே பார்த்துக் கத்துவார்: "கேட்டுது!"

ஒவ்வொரு கட்டுக்கும் கத்துவார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். 'கேட்டுது பெரியவரு' என்று பட்டப்பேர்கூட வைத்தார்கள். புது சிக்னல்மேனுக்கு எரிச்சல். "எல்லாரும் கைய எடுத்தாச்சே, அந்தக் கெழவன் கத்தறதுக்கு இன்னாத்துக்கு நிக்கறே? ஆரியான்னா வுடு" என்று ஒருநாள் விஞ்சுப் பக்கம் திரும்பிக் கடிந்துகொண்டான்.  கிடங்கிலிருந்து அந்தக் குரல் வருகிறவரை கோதண்டம் கைப்பிடியை அசைக்கவில்லை. வந்த பிறகு மெதுவாக இறக்கினார். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு இல்லை.